தும்மலுக்கு எந்த வைத்தியம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலர்ஜி பற்றி வந்த கேள்விகளில் பல, "ஆங்கில மருந்தா, மாற்று மருத்துவமா?" என்றே தொடங்குகின்றன. பதில் எழுத உட்கார்ந்தால் அந்தப் பிரிவினை அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. மருந்து அலர்ஜியின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது, பலன் தெரிய எத்தனை நாள் ஆகும், நாம் அதைச் சரியாகப் பயன்படுத்தினோமா என்ற கேள்விகள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன.

கேள்வி: காலையில் எழுந்தால் இருபது முப்பது தும்மல். டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தார். நான்கு நாள் அடித்தும் பலன் இல்லை. மூக்கில் லேசாக ரத்தம் வேறு. ஸ்டீராய்டு என்ற பெயரே பயமுறுத்துகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நான்கு நாளில் முடிவுகட்ட வேண்டாம். புளுட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு போன்ற ஸ்ப்ரேக்கள் மூக்கின் உட்சவ்வில் உள்ள அழற்சியை மெல்லத் தணிப்பவை. சிலருக்கு அரை நாளிலேயே கொஞ்சம் மாற்றம் தெரியும். முழுப் பலன் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். தும்மல் வந்த அன்று மட்டும் அடித்து, நின்றதும் அலமாரியில் வைத்துவிடுபவர்களுக்குத்தான் இது "வேலை செய்யாத மருந்து".

ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் மருந்தைவிட அடிக்கும் கோணமே காரணம். இரண்டு நாசிகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரின் முன்பகுதியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. வலது கையால் வலது நாசியில் அடித்தால், குழல் தானாகவே அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். கையை மாற்றிப் பாருங்கள்: வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. குழலின் நுனி அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி இருக்கட்டும். தலையை அண்ணாக்க வேண்டாம். சற்றே முன்னால் குனிந்தால் போதும். பாட்டிலைக் குலுக்கி, புதிய பாட்டிலானால் சீரான பனிப்புகை வரும்வரை காற்றில் அழுத்திவிட்டு, பிறகு மூக்கில் அடித்து, பூவை முகர்வது போல மெதுவாக மூச்சை இழுங்கள். 'சர்'ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்க் கசக்கும். மூக்கில் ஒன்றும் மிஞ்சாது. ரத்தம் வரும் பக்கம் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு இப்படித் தொடங்குங்கள். அப்போதும் வந்தால் மூக்கைக் காட்டிவிடுங்கள்.

பயத்தைப் பற்றி: புளுட்டிகசோனில் ஒரு முறை அழுத்தினால் வருவது 50 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, ஒவ்வொரு நாசிக்கும் இரண்டு முறை வீதம் நாளுக்கு 200 மைக்ரோகிராம். அதிலும் ரத்தத்தில் கலப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் இதுவும் ஒன்றல்ல. குழந்தைகள் நீண்ட நாள் பயன்படுத்தினால் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வைப்பது நல்லது.

கேள்வி: எனக்கு மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமே வராது. ஆறு மாதமாகப் போடுகிறேன். முன்பு இரவில் ஒரு முறை. இப்போது நான்கு முறை.

பதில்: இப்போது உங்கள் மூக்கை அடைப்பது அந்தச் சொட்டேதான். ஆக்சிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் வகைச் சொட்டுகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளைத் தாண்டினால், மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட வீங்கும். அதற்கு இன்னொரு சொட்டு. டாக்டரிடம் கேட்டு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்குங்கள். பிறகு ஒரு நாசிக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அது சுதாரித்த பிறகு மற்றதை. ஓரிரு வாரம் சிரமம் இருக்கும்.

கேள்வி: உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது அறிவியல்படி சரியா? ஒரு முறை செய்தபோது மூக்கு எரிந்து கண்ணீர் வந்துவிட்டது.

பதில்: பழைய வைத்தியமும் புதிய மருத்துவமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் இடம் இது. மகரந்தம், தூசி, கெட்டியான சளி எல்லாவற்றையும் கழுவி வெளியேற்றுகிறது. ஸ்ப்ரேயும் சுத்தமான சவ்வில் படுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பு, அலர்ஜி மூக்கொழுகலின் தொல்லையை இது குறைக்கக்கூடும் என்கிறது. சான்றின் தரம் உயர்வானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

எரிந்ததற்குக் காரணம் உப்பின் அளவு. கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். வெறும் தண்ணீர்தான் மிக மோசம். சரியான அளவு லிட்டருக்கு 9 கிராம். 250 மில்லி டம்ளருக்கு இரண்டே கால் கிராம். கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவு எந்தக் கரண்டியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அயோடினோ, கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளோ இல்லாத உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும். நீர் உடல் சூட்டில் இருக்கட்டும்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் சமரசம் கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர், நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கின் மேல்தளம் வழியாக மூளைக்கு ஏறிவிடும். குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர், அல்லது வாலை நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் பயன்படுத்துங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். சாதாரண வடிகட்டியில் வந்த நீர் போதாது.

தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியில் ஊற்றினால் கீழ் நாசி வழியாக வரும். முடிந்ததும் ஒவ்வொரு நாசியாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்குள் ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்ப்ரே. கழுவும் பாத்திரத்தைச் சுத்தம் செய்து ஈரமில்லாமல் உலர்த்துவதும் இதே வேலையில் சேர்த்தி. காதுவலி இருக்கும்போதும், மூக்கில் அறுவை சிகிச்சை செய்த புதிதிலும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி: அலர்ஜி மாத்திரை போட்டால் நாள் முழுவதும் தூங்கி வழிகிறேன். வேறு வழி?

பதில்: குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் மூளைக்குள் எளிதில் புகுந்துவிடும். தூக்கம் வரவில்லை என்று நீங்கள் நினைத்தாலும் கவனம் மந்தப்படும். வண்டி ஓட்டுபவர்கள், மாணவர்கள், முதியவர்கள் தவிர்ப்பது நல்லது. அடுத்த தலைமுறையில் லோராடடின் 10 மி.கி., ஃபெக்சோஃபெனடின் 120 அல்லது 180 மி.கி. ஆகியவை தூக்கம் தருவது மிகக் குறைவு. செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5 மி.கி. சிலருக்குச் சற்றுத் தூக்கக் கலக்கம் தரும்; இரவில் போட்டால் சமாளிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பதால் பலர் கவனிக்காத ஒன்று: ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாற்றோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. தண்ணீரோடு மட்டும் போடுங்கள். அலுமினியம், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்தையும் அதோடு சேர்க்காதீர்கள்.

இந்த மாத்திரைகள் தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றுக்கும் நல்லவை, அடைப்புக்குச் சுமார்தான். இன்னொன்று: செட்டிரிசின் அல்லது லெவோசெட்டிரிசினைப் பல மாதம் தினமும் போட்டுவிட்டு நிறுத்தினால், சில நாளில் சிலருக்குக் கடும் அரிப்பு வருவதாக 2025 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அபூர்வம்தான். ஆனால் அந்த அரிப்பைப் பார்த்து "அலர்ஜி திரும்பிவிட்டது" என்று மீண்டும் தொடர்பவர்கள் உண்டு. மெல்லக் குறைத்து நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: ஹோமியோபதி, மூலிகை, அக்குபஞ்சர், தேன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாமே ஏமாற்று என்று ஒரே போடாகப் போடுவீர்களா?

பதில்: மாட்டோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றை ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் குழப்பமே.

மூலிகையில் மருந்துச் சத்து நிச்சயம் உண்டு. அம்மி விஸ்நாகா என்ற செடியின் கெல்லின் என்ற சத்திலிருந்துதான் குரோமோகிளைகேட் என்ற அலர்ஜி மருந்து பிறந்தது. ஆஸ்துமாக்காரரான ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவர், தன் உடலிலேயே சோதித்து 1965-இல் அதைக் கண்டெடுத்தார். இன்றும் கண் அரிப்புக்குச் சொட்டாகப் பயன்படுகிறது. ஆடாதோடையின் வாசிசினிலிருந்து சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் வந்தது. பட்டர்பர் என்ற செடியின் சாறு, 2002-இல் வெளியான, 125 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் செட்டிரிசினுக்கு ஈடாக நின்றது. ஆனால் அதே செடியில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளும் உள்ளன. அவற்றை நீக்காத தயாரிப்பைத் தொடவே கூடாது. எபெட்ரா என்ற செடியில் உள்ள எபெட்ரின் மூச்சுக்குழாயைத் திறக்கும். கூடவே இதயத்தையும் விரட்டும். அதனால்தான் எபெட்ரா சேர்த்த ஊட்டச் சத்துத் தயாரிப்புகளை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. வேலை செய்யும் மூலிகைக்குப் பக்கவிளைவும் உண்டு. "பக்கவிளைவே இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், விளைவாவது உண்டா என்று கேளுங்கள்.

அடுத்து, பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. உட்பொருள், அளவு, தயாரிப்பு எண் அச்சிடாத எதையும் வாங்காதீர்கள்.

அக்குபஞ்சருக்குச் சிறு பலன் உண்டு. 2013-இல் வெளியான, 422 பேர் பங்கேற்ற ஜெர்மானிய ஆய்வில், எட்டு வாரத்தில் 12 முறை ஊசி குத்திக்கொண்டவர்களுக்குப் போலிக் குத்தலைவிடச் சற்றுக் கூடுதல் நிம்மதி கிடைத்தது. 16-ஆவது வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. பணமும் நேரமும் இருந்து, ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்தப்படுவதாக இருந்தால் முயலலாம், மருந்தை நிறுத்தாமல்.

ஹோமியோபதி பற்றி வேறு மாதிரிதான் சொல்ல வேண்டும். 30சி என்றால் 100-க்கு 1 என்று முப்பது முறை நீர்க்கச் செய்தது. 1-க்குப் பின் 60 சுழியம். 12 முறை தாண்டியதுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் ஐயம். 2015-இல் ஆஸ்திரேலியத் தேசிய மருத்துவ ஆய்வுக் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் அது பலன் தருவதாக நம்பத்தக்க சான்றில்லை என்றது. உருண்டை கெடுதல் செய்யாது. அதை நம்பி ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்துவது கெடுதல் செய்யும்.

தேன் பற்றிய வாதம் கேட்க நன்றாக இருக்கும்: அக்கம்பக்கத்து மகரந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடல் பழகிவிடுமாம். தேனீ தேடிப் போவது கனமான, ஒட்டும் பூ மகரந்தத்தை. நம்மைத் தும்ம வைப்பவை பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய் வரலாம்.

கடைசியாக, "எதிர்ப்பு சக்தி கூட்டும்" மருந்துகள். அலர்ஜிக்காரரின் எதிர்ப்பு சக்தி குறைந்து கிடப்பதில்லை. தேவையில்லாத இடத்தில் வாளை உருவுகிறது, அவ்வளவே.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் 90 உணவுகளுக்கு அலர்ஜி என்று வந்திருக்கிறது. பால், முட்டை, கோதுமை எல்லாம் நிறுத்தி ஐந்து கிலோ இளைத்துவிட்டேன். அரிப்பு அப்படியே இருக்கிறது.

பதில்: அறிக்கையில் 'ஐஜிஜி' என்று இருக்கிறதா, 'ஐஜிஇ' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். அலர்ஜியோடு தொடர்புள்ளது ஐஜிஇ. ஐஜிஜி, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான சாட்சி மட்டுமே. அதிகம் சாப்பிட்டது அதிகம் காட்டும். அலர்ஜி மருத்துவ அமைப்புகள் அந்தப் பரிசோதனையை வேண்டாம் என்கின்றன. முடியை அனுப்பிச் சோதிப்பது, கையில் மின்முனை வைத்துச் சோதிப்பது, தசை பலம் பார்த்து அலர்ஜி சொல்வது ஆகியவையும் இதே ரகம். ஐஜிஇ என்றாலும்கூட, சாப்பிட்டு எந்தத் தொல்லையும் வராத உணவை அறிக்கைக்காக நிறுத்தக் கூடாது.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனை எளிது. 15 முதல் 20 நிமிடத்தில் படித்துவிடலாம். வெறும் உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் பெரிய தடிப்பு வந்தால் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தாவிட்டால் தடிப்பு வராமலே போகலாம். உங்கள் அரிப்புத் தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் தொடர்ந்திருந்தால், காரணம் உணவாக இருப்பது அபூர்வம். தூக்கம் தராத ஆன்டிஹிஸ்டமினைத் தினமும் போட்டு, தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் நான்கு மடங்கு வரை உயர்த்துவதுதான் முறை. அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. நிறுத்திய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதையாவது சாப்பிட்ட உடனே உதடு வீங்கியது, மூச்சு முட்டியது என்ற அனுபவம் இருந்தால் அதை மட்டும் மருத்துவர் முன்னிலையில் பாருங்கள்.

கேள்வி: மூன்று வயது மகளுக்குக் கரப்பான் (எக்சிமா என்ற தோல் அழற்சி). ஸ்டீராய்டு கிரீம் பிடிக்காமல் ஒரு மூலிகைக் களிம்பு வாங்கினோம். இரண்டே நாளில் தோல் பளிச்சென்று ஆனது! நிறுத்தினால் திரும்பி வருகிறது.

பதில்: அந்த "இரண்டே நாள்"தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. மூலிகை என்று விற்ற களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. எந்த வீரியம் என்று தெரியாமல் முகத்தில் தடவுவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய ஸ்டீராய்டு. களிம்பை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கரப்பானில் அடிப்படை வேலை ஈரப்பதக் கிரீம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே தாராளமாகப் பூசுங்கள். உடல் முழுக்க இருந்தால் குழந்தைக்கு வாரம் 250 கிராம் செலவாக வேண்டும். சின்ன டியூப் இரண்டு மாதம் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்துவதால் வேண்டாம்.

ஸ்டீராய்டு கிரீமுக்கு அளவு விரல்தான்: பெரியவரின் ஆள்காட்டி விரலில் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு (விரல்களோடு) தோலுக்குப் போதும். பயந்துகொண்டு புள்ளி வைத்துத் தேய்ப்பதால் சிவப்பு அடங்காமல் வாரக்கணக்கில் இழுக்கும். கடைசியில் மொத்த ஸ்டீராய்டு கூடுதலாகத்தான் போயிருக்கும். ஸ்டீராய்டு கிரீமும் ஈரப்பதக் கிரீமும் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே வேண்டாம். கால் மணி, அரை மணி இடைவெளி விடுங்கள். பாரஃபின் கிரீம் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பருகே கவனம்.

கேள்வி: அலர்ஜியை வேரோடு போக்கும் ஊசி உண்டாமே?

பதில்: "வேரோடு" என்பது பெரிய வார்த்தை. ஆனால் நோயின் போக்கையே மாற்றும் சிகிச்சை இது ஒன்றுதான். 1911-இல் லண்டனில் லியோனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டதிலிருந்து தொடங்குகிறது. எந்தப் பொருள் ஆகாதோ அதையே நுண்ணிய அளவில் வாரம் ஒரு முறை கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல ஏற்றி, பிறகு மாதம் ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடர வேண்டும். இடையில் விட்டால் பலன் நிலைக்காது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே காத்திருக்க வேண்டும். அவசர வேலை என்று நழுவுவது ஆபத்து. நாக்கடியில் வைக்கும் மாத்திரையானால் முதல் மாத்திரை மட்டும் மருத்துவர் முன்னால், மற்றவை தினமும் வீட்டில். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தரக் கூடாது. ஒரே நேரத்தில் இருபது பொருளைக் கலந்து ஊசி தருகிறோம் என்றால் யோசியுங்கள்.

கேள்வி: நிலக்கடலை அலர்ஜி உள்ள தம்பிக்கு ஒரு முறை மூச்சுத் திணறியது. அடுத்த முறை செட்டிரிசின் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா?

பதில்: கூடாது. அரிப்பை மட்டும் குறைக்கும் அந்த மாத்திரை, வீங்கும் தொண்டையையோ சரியும் ரத்த அழுத்தத்தையோ தொடாது. அதுவும் வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இங்கே முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசையில். அவசரத்தில் உடை மீதே குத்தலாம். கிலோவுக்கு 0.01 மி.கி.; பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. வீட்டில் வைத்திருக்கத் தானாகக் குத்தும் கருவி எழுதித் தரச் சொல்லுங்கள்: 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி.

குத்தியதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டியபடி உட்காரலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் படுக்க வேண்டும். "இப்போது பரவாயில்லை" என்று எழுந்து நடக்க விடாதீர்கள். திடீரென்று நிமிர்ந்ததில் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் இறந்தவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. அதனால் எப்போதும் இரண்டு கருவிகள் கைவசம் இருக்க வேண்டும். அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் அன்று ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருப்பது அவசியம். கருவியை ஃபிரிட்ஜிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை அதன் சின்ன ஜன்னல் வழியாக மருந்தைப் பாருங்கள்: தண்ணீர்போல் தெளிவாக இல்லாமல் பழுப்பேறியோ கலங்கியோ இருந்தால், காலாவதித் தேதி இன்னும் வராவிட்டாலும் புதிது வாங்குங்கள்.